இருபத்தேழாம் பொடி

அந்தக் கிண்ணத்தை நான் பார்த்தேனா இல்லையா என்பது இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. பார்த்தேன் என்று ஆய்வக இயக்குநர் அம்மாவின் முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது மனசுக்குள் தெளிவாகத் தெரிந்தது: வெள்ளைக் கிண்ணம், வாய்வரை நிறைந்த பொடி, பின்னால் திறந்திருக்கும் உலைக் கதவு. பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு அப்படி ஒரு கிண்ணம் உலைக்குள் போகவே இல்லை என்று. வேறு ஏதோ ஒரு நாளின் கிண்ணத்தை எடுத்து என் மனம் அந்த நாளில் வைத்துக்கொண்டது போலிருக்கிறது. எனவே இதில் வரும் பேச்சுகளை மட்டும் அண்ணியிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். "பரவாயில்ல, நான் பேசினதைவிட நல்லாவே பேசியிருக்கேன்" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நானும் அண்ணியும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தோம். ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். வாசல் தாண்டும்வரை நான் 'தம்பி', 'நீ', மனசுக்குத் தோன்றினால் 'ஊமைக்கோட்டான்'. வாசலைத் தாண்டியதும் 'சார்'. அந்த 'சார்'-ஐ அவர் சொல்லும் விதத்தில் மரியாதையைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும்.

நாங்கள் செய்தது பேட்டரிக்கான பொடி. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் நேர்முனைத் தகட்டில் பூசுகிற கறுப்புப் பொடி. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் சேர்ந்த ஒரு தூளோடு லித்தியம் ஹைட்ராக்சைடைக் கலந்து, அலுமினா கிண்ணத்தில் கொட்டி, ஆக்சிஜன் ஓடுகிற உலையில் பல மணி நேரம் சுட வேண்டும். கலவை என் பொறுப்பு. உலை அறை அண்ணியுடையது. அவர் சுட்டு, அரைத்து, சலித்து, குப்பியில் அடைத்து, மேலே எண் ஒட்டித் தருவார். அதைச் சின்னச் சின்ன பட்டன் செல்லாக்கி, சார்ஜ் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிச் சோதிப்பவர் ஒருவர் இருந்தார். ஒரு தடவை ஏற்றி இறக்கினால் ஒரு சுற்று. "எத்தனை சுற்று ஆச்சு?" என்று எல்லோரும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு அவர் பெயரே 'சுற்று' ஆகிவிட்டது. அவர் வீட்டில் குழந்தைகூட அப்படிக் கூப்பிடுவதாகக் கேள்வி.

இந்த வேலையில் சேர்மானம் என்ன என்பது பாதிக் கதைதான். மீதி, எப்படிச் சுட்டோம் என்பது. பத்து டிகிரி கூடினால் பொடி வேறு ஆளாகிவிடும். அதனால்தான் சூட்டை மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தோம். இருபத்தாறு பொடிகள் சுமாராக வந்தன. நூறு சுற்று முடிந்ததும் முதல் நாள் பிடித்த மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து, மிஞ்சிப்போனால் எண்பதுதான் நின்றது. ஜனவரியில் எழுநூற்று அறுபது டிகிரியில் சுட்ட இருபத்தேழாம் பொடி தொண்ணூற்றிரண்டு காட்டியது.

சுற்று அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடிவந்தது நன்றாக நினைவிருக்கிறது. இதை அண்ணியும் உறுதிப்படுத்தினார்.

"எழுநூத்தி அறுபது!" என்று கத்தினார் சுற்று. "அதுதான்யா ரகசியம். எழுநூத்தி அறுபது!"

அது ரகசியம் இல்லை என்று தெரிய ஏழு மாதம் ஆயிற்று.

முடிவு ஆய்விதழில் என் பெயரோடு வெளிவந்தது. பேருந்து பேட்டரி செய்யும் ஒரு நிறுவனம் அதே பொடி வேண்டும் என்று கேட்டது. இருபத்தெட்டாம் பொடியை அதே எழுநூற்று அறுபதில் சுட்டோம். எழுபத்தாறுதான் நின்றது. இருபத்தொன்பதாம் பொடியில் எழுபத்து மூன்று. முப்பது, முப்பத்தொன்று... முப்பத்தைந்துவரை ஒன்றுகூட எண்பதைத் தொடவில்லை. லித்தியம் குப்பியை மாற்றினேன். உலையின் வெப்பமானியைக் கழற்றி வேறொன்றோடு ஒப்பிட்டேன். ஆக்சிஜன் குழாயை ஒட்டுக்கு ஒட்டு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். செல் அடைக்கும் அறையில் ஈரம் ஏறியிருக்குமோ என்று சுற்றின் மேல் சந்தேகப்பட்டேன்; அவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை என்பது அவருக்கு இன்னும் கோபம்.

ஜூலையில் இயக்குநர் அம்மா கூப்பிட்டார். என் ஆய்வுக் குறிப்பேடு மேசையில் விரிந்து கிடந்தது, இருபத்தேழாம் பக்கத்தில்.

"இந்தப் பக்கத்துல எழுதியிருக்கறது எல்லாம் நடந்ததா?"

"நடந்தது."

"ஒரு கிண்ணம், அறுபது கிராம், எழுநூத்தி அறுபது, பன்னிரண்டு மணி நேரம். நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மாசம் தரேன். இன்னொரு தடவை அதே மாதிரி செஞ்சு காட்டுங்க. முடியலன்னா, முடிவைத் திரும்பப் பெறுகிறோம்னு நானே இதழுக்கு எழுதறேன். இல்லாத எண்ணை எழுதினவர்னு உங்களைப் பத்தி நான் நினைக்கல. ஆனா மத்தவங்க நினைப்பாங்க. நீங்களும் அதுக்கு வாயைத் திறந்து பதில் சொல்ற ஆள் இல்ல."

இந்தத் துறையில் முடிவைத் திரும்பப் பெற்றவனுக்கு இன்னொரு ஆய்வகக் கதவு திறக்காது. எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. அண்ணிக்கு ஆய்வகத்திலேயே தெரியும். அண்ணனுக்கு அண்ணி சொல்லியிருப்பார். அண்ணன் பேட்டரியில் ஓடும் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்: "இன்னைக்கும் பாலத்து மேல ஏறும்போது சார்ஜ் பதினாலு பர்சன்ட். ரெண்டு பேரும் பொடி பொடின்னு வருஷக்கணக்கா இடிக்கறீங்க. என் வண்டி டிப்போ வரைக்குமாவது வந்து சேருமா?" அந்த மாதம் அவர் அதைக்கூடச் சொல்வதை நிறுத்திவிட்டார். கேலி நின்றதும்தான் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது.

நான் காலையில் எழுந்ததும் பால்கனியில் நின்றுகொண்டிருப்பேன். அங்கே ஒரு பெரிய மண்தொட்டி, அதில் அண்ணி வைத்த செம்பருத்தி. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஊற்றிவிட்டும் நிற்பேன். அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். உள்ளே அண்ணி பாத்திரத்தை வழக்கத்தைவிடச் சத்தமாக வைப்பது கேட்கும்.

முப்பத்தாறாம் பொடியை உலையில் வைத்த மறுநாள் அண்ணிக்குப் பல் பிடுங்கினார்கள். விடுப்பு. உலை ஆறியிருந்தது. ஆகவே மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரு கிண்ணத்தை நானே வெளியே எடுத்தேன். வழக்கமாக எனக்குக் குப்பியில் வருவது அரைத்துச் சலித்த சீரான தூள். கிண்ணத்துக்குள் இருந்ததோ அப்பம் போல இறுகிய ஒரு கட்டி. கவிழ்த்துத் தட்டினேன். முழுசாக மேசையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

பிளந்த பக்கம் ஒரே நிறமாக இல்லை. மேலே ஒரு விரல் அகலத்துக்கு நல்ல கறுப்பு. கீழே போகப் போகப் பழுப்பு கலந்த மங்கல்.

நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவைத் திறந்த சுற்று, "உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வராததால் போய்விட்டார். அவரைத் திரும்பக் கூப்பிட்டு, மேலிருந்து கொஞ்சம் சுரண்டி, அடியிலிருந்து கொஞ்சம் சுரண்டி, இரண்டு தாளில் மடித்துக் கொடுத்தேன். எக்ஸ்ரே கருவியும் அவர் கையில்தான் இருந்தது.

அந்தக் கருவி பொடிக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று காட்டும். லித்தியத்துக்கு ஒரு வரிசை, நிக்கலுக்கு ஒரு வரிசை. சுடும்போது ஆக்சிஜன் போதவில்லை என்றால் நிக்கலில் கொஞ்சம் லித்தியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டும் அப்போது கிட்டத்தட்ட ஒரே அளவு. உட்கார்ந்தால் எழுந்திருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் போய்வர வேண்டிய லித்தியத்துக்கு வழி அடைபட்டுவிடும்.

மறுநாள் மத்தியானம் சுற்று மூன்று வரைபடங்களை வரிசையாக வைத்தார். அடிப்பகுதி குளறுபடி. மேல்பகுதி ஒழுங்கு. மூன்றாவது, ஜனவரியில் எடுத்த இருபத்தேழாம் பொடி. மேல்பகுதியும் அதுவும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தின.

"அப்போ இருபத்தேழு முழுக்க மேல்பகுதிதான்," என்றார் சுற்று. "அடியே இல்லாத கிண்ணம் எங்கேயிருந்துய்யா கிடைச்சது உங்களுக்கு?"

வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆழமான கிண்ணத்தில் அடியில் இருக்கும் தூளுக்கு ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை, தூளிலிருந்து கிளம்பும் ஆவியும் வெளியேறவில்லை. அதுவரை புரிந்தது. ஆனால் இருபத்தேழும் அதே ஆழமான கிண்ணத்தில்தானே சுட்டது? குறிப்பேட்டை எடுத்தேன். 'ஒரு கிண்ணம்' என்று என் கையெழுத்து. அதற்கு மேல் எழுதிய நேரம்: காலை எட்டு நாற்பது. உலை ஏற்றிய நேரம் அண்ணியின் பதிவேட்டில் பதினொன்று இருபது.

காலையில் வந்ததும் அன்றைய பக்கத்தை நிரப்பிவிடுவது என் வழக்கம். எப்போதும் ஒரே மாதிரிதானே நடக்கிறது என்று. அந்த வரியை எழுதும்போது அங்கே எந்தக் கிண்ணமும் இல்லை.

சனிக்கிழமை காலை. அண்ணி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. நான் கையில் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும். நின்றேன்.

அவர் ஒரு சட்டையை உதறினார். இன்னொன்றை உதறினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இப்படி நின்னு பாக்காதே," என்றார் வீங்கிய வாயோடு. "எதாவது கேக்கணும்னா கேளு. ஏழு மாசமா உன் முதுகைப் பாத்துப் பாத்து எனக்குப் பல்லே ஆடிப்போச்சு."

நான் செம்பைக் கீழே வைத்தேன்.

"சரி. உடைச்சேன். போதுமா?"

"என்னத்தை?"

"கிண்ணத்தை! வேற என்னத்தை? தெரிஞ்சுக்கிட்டுத்தானே நிக்கறே?"

எனக்குத் தெரியாது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன் விளிம்பிலேயே உட்கார்ந்தார். பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. ஜனவரியில் அன்று காலை அலமாரியிலிருந்து எடுக்கும்போது கிண்ணம் கை நழுவியது. இரண்டு துண்டு. அதே அளவில் கழுவிக் காய்ந்த வேறு கிண்ணம் இல்லை. தூள் தயாராக இருந்தது, உலைக்கு அன்றைக்குத்தான் முறை. கண்ணில் பட்டது மூன்று படகு. நீளமாக, தட்டையாக இருக்கும் தட்டுகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அறுபது கிராமையும் மூன்றிலும் பரப்பி உள்ளே தள்ளிவிட்டார். விரல் நகத்து உயரம்கூட இருக்கவில்லை தூள்.

"கலவையை மாத்தல. சூட்டை மாத்தல. நேரத்தை மாத்தல. பாத்திரம் மாறினா என்ன ஆயிடப் போவுதுன்னு நினைச்சேன். நீ தொல்லைப்பட ஆரம்பிச்சப்போ சொல்லலாம்னு ரெண்டு மூணு தடவை வந்தேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், சொன்னா உன் குறிப்பேடு பொய்ன்னு ஆயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"உடைச்சதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"யார்கிட்ட? கதவுல ஒட்டி வெச்சிருக்கியே, அதைப் படிக்கத் தெரியாதா எனக்கு?"

உலை அறைக் கதவில் ஒரு காகிதம் உண்டு. உடைந்த கிண்ணம் ஒவ்வொன்றையும் பதிய வேண்டும், ஓராண்டில் மூன்று உடைத்தவர் உலைப் பொறுப்பிலிருந்து மாற்றப்படுவார். நான்தான் எழுதி ஒட்டினேன். அண்ணி என்பதால் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று. அந்த ஜனவரிக்குள் அவர் கணக்கில் ஏற்கெனவே இரண்டு.

"அந்த உலை அறை இல்லன்னா எனக்கு வேற என்ன இருக்கு தம்பி? நீ கலக்கறே, சுற்று எண்ணறார். சுடறது நான். அதை விட்டுட்டு நான் அலுவலகத்துல போய்த் தபால் ஒட்டவா?"

நான் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். கோபம் வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை.

"திட்டவாவது செய்யேன்," என்றார்.

"அண்ணி, அந்தப் படகு மூணும் இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

சொன்னேன். மேலே கறுப்பு, அடியில் பழுப்பு, வரைபடம், எல்லாம். நான் அவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. கேட்டு முடித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலியில் கண்ணில் தண்ணீர் வர, மறுபடி சிரித்தார்.

"அப்போ நான் உடைச்சதாலதான் நல்லா வந்துச்சா?"

"ஆமா."

"அதையும் கதவுல எழுதி ஒட்டு."

"உடைஞ்ச துண்டு எங்கே? குப்பையில போட்டீங்களா?"

அண்ணி செம்பருத்தித் தொட்டியைப் பார்த்தார். "அடியில ஓட்டை பெருசா இருந்துச்சு. மண்ணு ஓடாம இருக்க எதாவது போடணும்ல. நீதான் தினமும் அதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, பக்கத்துலயே நின்னு யோசிச்சியே."

அண்ணன் எழுந்து வந்து பார்த்தபோது நானும் அண்ணியும் பால்கனித் தரையெல்லாம் மண்ணாக, முழங்கைவரை கையைத் தொட்டிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தோம். வெகுநேரம் பார்த்தார். "புதையலா?" என்றார். "எதுவா இருந்தாலும் மூணு பங்கு."

ஞாயிறு முழுவதும் ஒரு யோசனை என்னைவிட்டுப் போகவில்லை. ஆழம் குறைந்தால் பொடி நன்றாக வருகிறது என்று நானே கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடலாம். அதில் பொய் இல்லை. கிண்ணம் உடைந்ததை யாரும் கேட்கப்போவதில்லை. அண்ணியின் உலை அறையும் தப்பும், என் 'பார்த்தேன்' என்ற சொல்லும் தப்பும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஆய்வக வாசலில் இறங்கியதும் அண்ணி, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு பையோடு நேராக இயக்குநர் அறைக்குள் போய்விட்டார்.

நான் பின்னால் ஓடினேன். போனபோது இரண்டு துண்டும் மேசையில் இருந்தன, மண் ஒட்டியபடி.

இயக்குநர் அம்மா அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "அன்னைக்குப் பார்த்தேன்னு சொன்னீங்களே" என்றார்.

"பார்க்கல. அந்தப் பக்கத்தைக் காலையிலேயே எழுதிட்டேன். பார்த்ததாத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அதன்பிறகு ஒரு நீண்ட மௌனம். என் வாழ்க்கையில் நான் உண்டாக்காத மௌனங்களில் அதுதான் பெரியது.

"முதல்ல அந்தக் கதவுக் காகிதத்தைக் கிழிங்க," என்றார் கடைசியில். "அடுத்து, படகுல சுடுங்க. ஆனா நீங்களும் சுடக் கூடாது, இவங்களும் சுடக் கூடாது. எழுதி வெச்சதைப் படிச்சு மூணாவது ஆள் ஒருத்தர் செய்யட்டும்."

மூன்றாவது ஆள் சுற்று. உலையைத் தொட்டுப் பழக்கமில்லாதவர். அண்ணி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசக் கூடாது என்ற உத்தரவை மதித்து, கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். "அந்தம்மா கையைக் கட்டிப் போடுங்கய்யா, பயமா இருக்கு" என்று உள்ளேயிருந்து சுற்று கத்தினார். முப்பத்தேழாம் பொடியைப் படகில் பரப்பினார், முப்பத்தெட்டாம் பொடியைக் கிண்ணத்தில் நிரப்பினார். ஒரே கலவை, ஒரே உலை, ஒரே நாள்.

எக்ஸ்ரே மறுநாளே நல்ல செய்தி சொன்னது. ஆனால் நூறு சுற்றுக்குப் பத்து நாள் வேண்டும். அந்தப் பத்து நாளும் நான் பால்கனியில் நிற்கவில்லை. நன்றாகத் தூங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். முடிவு என்னவானாலும் இனி நான் சொல்ல வேண்டிய பொய் எதுவும் மிச்சமில்லை.

பதினோராம் நாள் காலை சுற்று தாழ்வாரத்தில் வந்தார். இந்தத் தடவை ஓடவில்லை. நிதானமாக நடந்துவந்து தாளை என்னிடம் நீட்டாமல் அண்ணியிடம் நீட்டினார். கிண்ணம் எழுபத்தைந்து. படகு தொண்ணூற்றொன்று.

அண்ணி தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார்," என்றார், "ஒரு வார்த்தை எதாவது பேசுங்க சார்."

"நன்றி அண்ணி" என்றேன். ஆய்வகத்துக்குள் அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அன்றுதான்.

முடிவைத் திரும்பப் பெறவில்லை. பாத்திரம், தூளின் உயரம் இரண்டையும் சேர்த்து, முதலில் எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டு ஒரு திருத்தம் வெளியிட்டோம். அதில் அண்ணியின் பெயரும் இருக்கிறது.

இயக்குநர் அம்மா அடுத்த வருடம் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சுற்று ஒரு பேட்டரி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேயும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். அண்ணி இப்போது நான்கு உலைகளுக்குப் பொறுப்பு. அதற்குப் பிறகு ஐந்து கிண்ணம் உடைத்திருக்கிறார், ஐந்தும் பதிவேட்டில் இருக்கின்றன. அண்ணன் அதே பேருந்தை ஓட்டுகிறார், அதில் எங்கள் பொடி இல்லை, பாலத்தில் ஏறும்போது இன்னும் குறை சொல்கிறார். நான் அதே மேசையில் இருக்கிறேன். குறிப்பேட்டை உலை மூடிய பிறகுதான் எழுதுகிறேன். கிண்ணத்தின் இரண்டு துண்டுகளும் பழையபடி தொட்டியின் அடிக்கே போய்விட்டன. செம்பருத்தி பூக்கிறது.